டைட்டன் பெட்டிக்குள் மூன்று கிலோ உப்பு

68,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்த ரோபோ பொம்மைப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது மூன்று கிலோ உப்பு. ஒரு கிலோ பக்கற் மூன்றையும் சிங்களப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஆடாமல் அசையாமல் நடுவில் அடுக்கியிருந்தார்கள். அதற்கு மேலே கை கழன்ற மலிவு ரோபோக்கள் நான்கு. இது நடந்தது 2024 தைப்பொங்கலன்று. அப்போது வெட்கத்தில் நான் வாய் திறக்கவில்லை. 36 வயது ஆள், அதுவும் கணக்குப் பிரிவில் வேலை செய்பவன், பொம்மை வாங்கப் போய் உப்பு வாங்கி வந்தான் என்று ஒஃபிஸில் தெரிந்தால் நான் பென்ஷன் எடுக்கும்வரை சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் இதே மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, இதை ஒருக்கா பாருங்கோ" என்று வாசலில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும், பேசாமல் இருந்தது பிழை என்று பட்டது. அவருக்கு நடந்ததை அவர் சொல்லட்டும், என்னுடையதை நான் சொல்கிறேன்.

நான் சேர்ப்பது டிரான்ஸ்போர்மர்ஸ். மடித்தால் லொறி, விமானம், டைனோசோர், விரித்தால் ரோபோ. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற பெயர்களில் செய்தவற்றை அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் கதையும் கொடுத்து 1984 இல் விற்கத் தொடங்கியது. இந்த வரலாறெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். 90களில் புறக்கோட்டை நடைபாதையில் அம்மா வாங்கித் தந்த போலி லொறி ரோபோதான் முதல் அறிமுகம். இரண்டாம் நாளே அதன் கால் உடைந்தது. அசல் ஒன்று கைக்கு வந்தது 2011 இல், கனடா மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, சூட்கேஸில் சொக்லேட்டுக்கும் சென்ட் போத்தலுக்கும் நடுவில். மடித்து முடிக்கும்போது கடைசித் துண்டு 'டக்' என்று பொருந்துமே, அந்தச் சத்தத்தில் விழுந்தவன்தான், இன்றுவரை எழும்பவில்லை. வெள்ளவத்தையில் அம்மாவும் நானும் இருக்கும் பிளட்டில் ஒரு அலுமாரி முழுக்க அவைதான். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது கூடச் சேர்த்த பலர் இருந்ததை விற்றுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். நான் விற்கவுமில்லை, புதிதாக வாங்கவுமில்லை. கிட்டத்தட்ட ஒன்றரை வருட விரதம். ஏமாந்த கதைக்கு அந்த விரதமும் ஒரு காரணம். பசியோடு கடைக்குப் போனவன் நான்.

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை. கொழும்பில் பொம்மையிலிருந்து ரைஸ் குக்கர் வரை எல்லாம் விற்கும் மாடிக்கடை ஒன்று. பெயர் வேண்டாம், கடைசியில் அவர்கள் ஓரளவு நியாயமாகத்தான் நடந்தார்கள். நத்தார் மலிவு விற்பனை, ஒலிபெருக்கியில் பைலா, நிற்க இடமில்லை. மூன்றாம் மாடியில், மேல் தட்டில் 'ஆர்க்' பெட்டி இருந்தது. 2021 இல் கிங்டம் வரிசையில் வந்த டைட்டன் வகை. டைட்டன் என்றால் இந்தப் பொம்மைகளில் பெரிய அளவு. ஆர்க் நின்றால் 19 அங்குலம், ஏறக்குறைய முழங்கால் உயரம். கதையில் ஒட்டோபொட்டுகள் என்ற நல்ல ரோபோக்கள் பூமிக்கு வந்து மோதிய விண்கப்பல் அது. மெயின்ஃப்ரேம் என்று சின்ன ரோபோ ஒன்றும் கூட வரும். இரண்டு வருடமாக படத்தில் மட்டும் பார்த்திருந்த சாமான். விலை 82,000 என்று போட்டு, அதை வெட்டி 70,000 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். "லாஸ்ட் பீஸ், சேர்" என்றார் நின்ற பெண். காசாகத் தந்தால் இன்னும் 1,500 குறைக்கலாம் என்றார். எனக்கு அந்த மாதம்தான் ஒஃபிஸ் சீட்டு விழுந்திருந்தது, காசு பையில் இருந்தது. கிரெடிட் கார்டும் பையில்தான் இருந்தது. நான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த 1,500 ரூபாய் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பிறகுதான் விளங்கியது. கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், கடை கைவிரித்தாலும் வங்கியிடம் போய் 'நான் வாங்கிய சாமான் இது இல்லை' என்று முறையிட ஒரு வழி இருந்திருக்கும். காசாகக் கொடுத்தால் உங்களுக்கும் கடைக்கும் நடுவில் வேறு ஆள் இல்லை. அதோடு பில். கொழும்புச் சூட்டில் அந்த வழுவழுப்புத் தாள் பில் சில மாதங்களில் வெளிறி வெள்ளைத் தாளாகிவிடலாம். என்னுடையதில் ஜனவரியிலேயே கடையின் பெயர் மங்கத் தொடங்கிவிட்டது, நல்ல காலம் தொகை தெரிந்தது. இப்போது பில் கைக்கு வந்தவுடன், லிஃப்டுக்கு நிற்கும்போதே, போனில் படம் எடுத்துவிடுகிறேன்.

பெட்டியை நான் பார்க்காமல் வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தூக்கிப் பார்த்தேன், பாரமாக இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. மூலைகள் நசுங்கவில்லை. மேல் மூடியில் செலோடேப் ஒட்டியபடி இருந்தது. சேகரிப்பவன் பார்ப்பதெல்லாம் பார்த்தேன். பாரம் இருந்தால் சரி, ஆடாவிட்டால் சரி என்று நான் நம்புவேன் என்பது பெட்டியைக் கட்டியவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் பார்க்காதது அடிப்பக்கம். மேல் மூடியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ஆகவே கைவைப்பவன் கீழ் மூடியைத்தான் திறப்பான். வீட்டில் பிறகு வெளிச்சத்தில் பார்த்தபோது அங்கே செலோடேப்புக்கு மேல் செலோடேப் இருந்தது. கீழே இருந்தது தொழிற்சாலையுடையது, மெல்லியது, பெட்டி விளிம்போடு நேராக வெட்டியது. மேலே இருந்தது புத்தகக் கடைச் செலோடேப், நுனியில் பல் பல்லாக அறுத்த அடையாளம். இரண்டுக்கும் நடுவில் மட்டையின் மேல்தோல் விரல்நக அளவுக்கு உரிந்து, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. ஒருமுறை ஒட்டியதை உரித்தால் மட்டையின் தோலும் கூட வரும், அதை ஒளிக்க முடியாது. கடையில் அரை நிமிடம் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் போதும்.

த்ரீவீலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முன்னால் பாதை தெரியவில்லை, பெட்டிதான் தெரிந்தது. கதவைத் திறந்த அம்மா, "தம்பி, புது பிரிஜ்ஜா?" என்றார். விலையை நான் சொல்லவில்லை. அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது, அவனும் இதில் பைத்தியம். தைப்பொங்கலுக்கு அவர்கள் வருவார்கள், இருவருமாகத் திறப்போம் என்று பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தேன். உண்மையைச் சொன்னால் அது பாதிக் காரணம்தான். திறக்காத பெட்டி என்றால் எங்களுக்கு ஒரு தனி மோகம். உடைக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, பெட்டி தானாகவே ஒரு சாமிப்படம் மாதிரி ஆகிவிட்டது. இரவில் படுக்கும்போது அதைப் பார்த்துவிட்டுப் படுப்பேன். 37 நாள் உப்பைக் கும்பிட்டிருக்கிறேன்.

2024 ஜனவரி 15, பொங்கல். பல்கனியில் பால் பொங்கி, சாப்பிட்டு முடிந்து, மருமகன் விறாந்தையில் பாய் விரித்துவிட்டான். நான் கத்தியால் மேல் மூடியை ஆறுதலாக வெட்டினேன். முதலில் வந்தது பத்திரிகை வாசம். அதற்குப் பிறகு அந்த நான்கு பொம்மைகள்: ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், இரண்டு என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. பிறகு உப்பு. அவன் ஒன்றும் பேசாமல் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தான், அடியில் ஏதாவது இருக்குமென்று. "மாமா, ஆர்க் எங்க?" என்றான். காது சூடேறியதும் கை குளிர்ந்ததும் நினைவிருக்கிறது. அந்த நேரம் கோபம் வரவில்லை. அக்காவும் அத்தானும் பார்க்கிறார்கள், அம்மாவுக்கு இனி விலை தெரியப்போகிறது, அதுதான் ஓடியது. திறக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கவில்லை. இப்போது விலை 10,000 ரூபாய்க்கு மேல் என்றால், பில்லை முதலில் காட்டி, பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டி, வெட்டுவதிலிருந்து கடைசித் துண்டு வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கிறேன். நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்தால், அந்த இடைவெளியைத்தான் கடைக்காரர் பிடிப்பார்.

இது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை விளங்கிக்கொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும். ஒருவன் அசல் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறான். வீட்டில் உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு, சமபாரத்துக்கு வேறு எதையாவது வைத்து, மூடி ஒட்டுகிறான். நாலைந்து நாளில் பில்லோடு கடைக்கு வருகிறான்: 'பிறந்தநாளுக்கு இதே சாமான் இரண்டு வந்துவிட்டது, திறக்கவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.' கேஷியர் பார்ப்பது பார்கோட், பில், ஒட்டியிருக்கிறதா என்பது. அவருக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில். காசைத் திருப்பிக் கொடுத்து, பெட்டியைத் தட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அடுத்து வாங்குபவன் தலையில் விடிகிறது. ஜன்னல் இல்லாத, முழுக்க மூடிய, விலை கூடிய பெட்டிகள்தான் இதற்கு வசதி. டைட்டன் பெட்டி அதற்கென்றே செய்தது போல. முன்பக்கம் பிளாஸ்டிக் தாள் இல்லாமல் திறந்தே வரும் சின்னப் பெட்டிகளில் வேறு பிரச்சினை: விரலை விட்டுத் துவக்கையோ வாளையோ உருவி எடுத்துவிடுவார்கள். பெட்டியைக் குறை சொல்ல முடியாது, துண்டுதான் குறையும்.

பொங்கலுக்கு அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டு, பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், சண்டை பிடிக்கிற அளவுக்கு வராது. மனேஜர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஏழு நாளைக்குள் என்றால் பார்க்கலாம், இது ஒரு மாதத்துக்கு மேல், வெளியே போன பெட்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். பத்திரிகைத் தாளைக் காட்டினேன். 2023 ஒக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, நான் வாங்கியதற்கு ஆறு வாரம் முந்தியது. எங்கள் வீட்டில் சிங்களப் பத்திரிகை வாங்குவதில்லை என்றேன். "பழைய பேப்பர் யாருக்கும் கிடைக்கும்தானே, சேர்" என்றார். சொன்னது சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் பார்வையில் ஏமாற்றுக்காரனாக இருக்கக்கூடியவன் நான்தான். அங்கே நின்றபோதுதான் அது உறைத்தது, உள்ளே ஏதோ அறுந்தது போல இருந்தது. டிசம்பர் 9 சிசிடிவி கேட்டேன். மூன்று கிழமைக்கு மேல் வைத்திருப்பதில்லையாம். ஒரு வாரத்துக்குள் திறந்திருந்தால் அதுவும் இருந்திருக்கும்.

பெட்டியோடு லிஃப்டுக்கு நின்றபோது, தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பொடியன் ஒருவன், ஹட்டன் பக்கம், இருபது வயது இருக்கும், கிட்ட வந்து பெட்டியைப் பிடித்துக் கொடுப்பது போல நின்று, "அண்ணே, விலை ஸ்டிக்கர உரிச்சிப் பாருங்க" என்றான். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டான். வீட்டில் முடி உலர்த்தியின் சூட்டில் ஸ்டிக்கரை மெதுவாக உரித்தேன். 70,000 ஸ்டிக்கருக்குக் கீழே 82,000. அதற்கும் கீழே சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று, அதில் நீலப் பேனாவில் 'RET' (ரிட்டர்ன்) என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, பக்கத்தில் 4/11 என்று ஒரு தேதி. நவம்பர் 4. திரும்பி வந்த சாமான் என்று கடையே எழுதி வைத்து, அதற்கு மேல் விலையை ஒட்டியிருக்கிறார்கள். பத்திரிகை ஒக்டோபர் 29, திரும்பி வந்தது நவம்பர் 4, நான் வாங்கியது டிசம்பர் 9. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பொடியனைப் பற்றி நான் எந்த இடத்திலும் எழுதவுமில்லை, சொல்லவுமில்லை. ஸ்டிக்கர் தானாகக் கழன்றது என்றே சொன்னேன்.

இங்கே ஒன்றை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். எங்கள் வட்ஸ்அப் குழுவில், இதற்கு ஒரு வருடம் முன், ஒருவர் இடுப்பு உடைந்த தன் பழைய மெகட்ரோன் ரோபோவைப் புதுப் பெட்டியில் வைத்துக் கடையில் திருப்பிக் கொடுத்த கதையைப் பெருமையாகப் போட்டிருந்தார். பெரிய கடைதானே, அவர்களுக்கு என்ன நட்டம் என்று. அதற்குக் கீழே சிரிப்பு முகம் போட்டவர்களில் நானும் ஒருவன். பொங்கல் இரவு தூக்கம் வராமல் குழுவைப் பின்னால் தள்ளித் தள்ளி அந்தப் பதிவைத் தேடிப் பிடித்தேன். என் சிரிப்பு அப்படியே இருந்தது. அது திருட்டு, வேறு பெயர் அதற்கு இல்லை. நட்டம் பெரிய கடைக்குப் போவதுமில்லை. அடுத்து வாங்குகிற பிள்ளைக்குப் போகும், இல்லாவிட்டால் சம்பளத்தில் வெட்டு விழுமோ என்று பயந்துகொண்டு வேலை செய்யும் கேஷியருக்குப் போகும். குழுவில் இதை எழுதினேன். இரண்டு பேர் விலகினார்கள், நல்லது.

பிறகு செய்தது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் என்னென்ன வேண்டும் என்று சொல்வார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தைக் கவனியுங்கள். அலுமாரிக்கு மேல் இன்னும் இரண்டு மாதம் வைத்திருந்தால் இதுவும் போயிருக்கும். பெட்டியைத் திறக்காமல் வைப்பது உங்கள் உரிமையையும் சேர்த்து மூடி வைப்பதுதான். கொம்பனித்தெருவில் வொக்ஸோல் வீதியிலுள்ள அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். பில்லின் பிரதி, ஸ்டிக்கர் மூன்றின் படம், பத்திரிகைத் தேதியின் படம், அடிமூடியின் படம், தேதிவாரியாக நடந்தது ஒரு பக்கத்தில், தமிழில். வாங்கிப் படித்த அம்மையார் தமிழ் தெரிந்தவர். "பிள்ளைக்கா வாங்கினீங்க?" என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்குப் பிள்ளையும் இல்லை, கலியாணமும் இல்லை. வெளியே வந்து பஸ் தரிப்பில் நிற்கும்போது, எனக்குத்தான் வாங்கினேன் என்று சொல்ல முடியாமல் போனதே என்று இருந்தது. காசு போனதைவிட அந்த 'ஓம்' கொஞ்ச நாள் உறுத்தியது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: யாருக்கு வாங்கினீர்கள் என்பதில் முறைப்பாட்டுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

காத்திருந்த வாரங்களில் வீட்டிலிருந்த மற்ற பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உடைக்காமல் வைத்திருந்தவை பதினொன்று. பத்து சரி. ஒன்றில் ரோபோ சரி, துவக்கு இல்லை, விளக்கத்தாளும் இல்லை. அது எங்கே வாங்கியது என்றே நினைவில்லை, பில்லும் இல்லை, தலை முழுகினேன். அப்போது பழகியவைதான் இப்போது கடையில் நின்றே பார்ப்பவை. பெட்டியின் பின்பக்கத்தில் ரோபோவும் கூட வரும் துண்டுகளும் படமாக இருக்கும், அதை வைத்து எண்ணலாம். தொழிற்சாலையில் கட்டிய கயிறு, அது காகிதமோ பிளாஸ்டிக்கோ, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முறுக்கியிருக்கும். அதற்குப் பதில் இறப்பர் வளையமோ வயர்த் துண்டோ இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ரோபோவாக விற்கும் பெட்டியில் பாதி ரோபோ பாதி லொறியாக ஒன்று குந்திக்கொண்டிருந்தால், யாரோ ஒரு பிள்ளை விளையாடிவிட்டுத் திருப்பி மடிக்கத் தெரியாமல் விட்டது. பாதத்திலோ தொடையின் உள்பக்கத்திலோ பொடி எழுத்தில் ஹஸ்ப்ரோ, டகாரா டொமி பெயர்களும் எந்த நாட்டில் செய்தது என்பதும் அச்சுக் குத்தியிருக்கும். பெட்டியில் வியட்நாம் என்றும் காலில் சீனா என்றும் இருந்தால் நின்று யோசியுங்கள். எழுத்தே இல்லாமல் அந்த இடம் மொழுமொழு என்று இருந்தால் யோசிக்கவும் தேவையில்லை, அது நாங்கள் 'கேஓ' என்று சொல்லும் போலி. போலியோடு சண்டை இன்று நேற்று வந்ததுமில்லை. 1985 இலேயே அசலை அடையாளம் காட்ட, விரலால் தேய்த்தால் சூட்டில் சின்னம் தெரியும் ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள். பெட்டி மாற்றுகிறவனுக்கு கேஓ நல்ல கூட்டாளி: ஜன்னல் வழியாகப் பார்த்தால் நிறம் சரி, உருவம் சரி. முட்டியை ஒருமுறை மடித்தால்தான் குட்டு வெளிப்படும். அசலில் இறுக்கம் ஒரே சீராக இருக்கும், போலியில் ஒரு கால் கல்லாகவும் மற்றது கஞ்சியாகவும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். அங்கேயும் இது நடக்கிறது, சொல்லப்போனால் திருப்பிக் கொடுப்பது அங்கே லேசு என்பதால் இன்னும் கூட. மாமா மார்ச்சில் வாங்கி ஓகஸ்டில் கொண்டுவந்தால் எந்தக் கடையும் எடுக்காது. இப்போது மாமாவிடம், வாங்கிய அன்றே வீட்டில் திறந்து எனக்கு வீடியோ அழைப்பில் காட்டச் சொல்கிறேன். "இவனுக்குப் பெண் பார்க்கேக்கையும் இவ்வளவு பார்க்கேல்லை" என்று மாமி பின்னால் நின்று சொல்வது கேட்கும். திறந்தால் சூட்கேஸில் மடித்தும் வைக்கலாம், இடமும் மிச்சம்.

மார்ச் கடைசியில், அதிகார சபையின் விசாரணைத் தேதிக்கு ஒரு வாரம் இருக்கையில், கடையிலிருந்து அழைத்தார்கள். பழைய மனேஜர் இல்லை, வேறு ஒருவர், நல்ல தமிழ். ஸ்டிக்கர் படத்தை அவர்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள் போல. காசாகத் தர வழியில்லை, 45,000 ரூபாய்க்கு கடை வவுச்சர் தரலாம், முறைப்பாட்டை முடித்துக்கொள்வோம் என்றார். விசாரணைக்குப் போனால் முழுக் காசும் வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம், 37 நாள் என் பக்கத்துப் பலவீனம். இன்னொரு லீவும் எடுக்க வேண்டும். யோசித்துவிட்டு ஓம் என்றேன், அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. கணக்கு இப்படி: நேராகப் போனது 23,500, நான்கு அரை நாள் லீவு, த்ரீவீலுக்கும் பிரதிகளுக்கும் 3,000 சொச்சம். ஆர்க் கடைசிவரை வரவில்லை. பெட்டி, பொம்மைகள், உப்பு எல்லாவற்றையும் அவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 2025 இல் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்து கடை கடையாக அலைந்தபோது அம்மா, "அந்த மூண்டு கிலோவையும் குடுத்துப்போட்டு வந்தாய் என்ன" என்றார்.

வவுச்சரில் பொம்மை வாங்க மனம் வரவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு மின்விசிறியும் ஒரு ரைஸ் குக்கரும் எடுத்தோம். கேஷியரிடம் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது, அம்மாவும் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு என்னைத் தெரியாத மாதிரி அந்தப் பக்கம் பார்த்தார். மின்விசிறி சரி. ரைஸ் குக்கரில் பானை இருந்தது, மூடி இருந்தது, வயர் இருந்தது, கரண்டி இருந்தது. அரிசி அளக்கும் கோப்பை இல்லை. கேஷியர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் தட்டிலிருந்த அடுத்த பெட்டியைத் தானே எடுத்து, முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.